அடிபடாத ரிமோட் கார்

அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை அவர் கடைசிவரை பிரிக்கவில்லை. எழுந்திருக்கும்போது தோல் உரிவது போல ஒரு சத்தம் வரும். வந்த விருந்தாளி எல்லாருக்கும் அந்தச் சத்தம் வரும். எல்லாரும் அது தங்களிடமிருந்து வரவில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

டிவி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் கிழிந்துவிடக் கூடாது என்று அதற்கு மேல் இன்னொன்று. சத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றால் இரண்டு கட்டை விரலாலும் அமுக்க வேண்டும். காரின் சீட்டில் பிளாஸ்டிக். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்துக்கும் பிளாஸ்டிக். அது வெயிலில் பழுத்துப்போய், படத்தில் அவரும் அவர் மனைவியும் புகைக்குள் நின்று மாலை மாற்றிக்கொள்வது போல இருக்கும்.

இப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான். உழைத்து வாங்குவார்கள், வாங்கியதைத் தொட மாட்டார்கள். இவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். இப்போது மகளோடு ஜொகூர் பக்கம் போய்விட்டார். எதிரில் இல்லாததால் தைரியமாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இதில் உள்ள எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். சிலவற்றைக் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். புக்கிட் செலம்பாவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ரப்பர்த் தோட்டம். நான் கோழித் தீவன லாரி ஓட்டுகிறேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது ரிமோட் கார்.

சிரிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த வெட்டவெளியில், தொப்பை வைத்த ஆண்கள் வட்டமாக நின்று ரிமோட் கார் ஓட்டுவோம். அடிக்கட்டைகள் இன்னும் தரையில் துருத்திக்கொண்டிருக்கும். வளைவு, மேடு, பள்ளம் எல்லாம் நாங்களே மண்வெட்டியால் போட்டது. சாராயக் கடையில் உட்கார்ந்து மற்றவன் குடும்பத்தைப் பேசுவதைவிட இது மேல்.

இந்தக் கார்களில் வெளியே உடைவது பெரிதில்லை. சக்கரம் போனால் சக்கரம் வாங்கலாம். உள்ளே இருப்பதுதான் உயிர். கையில் இருக்கும் ரிமோட் சொல்வதைக் கேட்க ஒரு சின்ன பெட்டி, அது ரிசீவர். சக்கரத்தைத் திருப்ப ஒரு செர்வோ. மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடலாம் என்று பார்க்க ஒரு ஸ்பீட் கன்ட்ரோலர். கார் ஒரு கட்டையில் போய் மோதினால் வண்டி நின்றுவிடும், உள்ளே இருப்பது நிற்காது. பேட்டரி எகிறிப் போய் ரிசீவரை இடிக்கும். இழுத்துக் கட்டிய ஒயர் பிய்ந்துவிடும். செர்வோவுக்குள் பல் உடையும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். அவர் கார் போல உள்வேலை சுத்தமான காரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ரிசீவருக்கு அடியில் தடித்த பஞ்சு டேப். ஒவ்வொரு ஒயரும் ஒரு சின்ன வளைவு விட்டு, இழுபட்டாலும் பிய்யாத மாதிரி. பேட்டரியை அசையவிடாத பட்டை. ஈரம் படாமல் ரிசீவருக்கு ஒரு பலூன், வாயை இறுக்கிக் கட்டியிருப்பார். ஆன்டெனாவுக்கு ஸ்ட்ரா.

ஆனால் அந்தக் காரை அவர் ஓட்டினால் அல்லவா?

பிஸ்கட் டின்னில் வரும் அது. டின்னுக்குள் துண்டு. துண்டுக்குள் பிளாஸ்டிக். எல்லாவற்றையும் பிரித்துக் கீழே வைப்பதற்குள் எங்களுக்கு ஒரு பந்தயம் முடிந்துவிடும். பிறகு அவர் ஓட்டுவார். ஓட்டுவது என்றால், அவர் பக்கத்திலேயே நடந்து போவார். கார் அவர் நடையைத் தாண்டாது. வளைவு வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாகத் திரும்புவார்கள். நாயைக் கயிற்றில் கட்டி உலாத்துகிற மாதிரி இருக்கும். ஒரு சுற்று. பிறகு துடைத்து டின்னுக்குள் வைத்துவிடுவார்.

"ஏண்ணே, அது காடியா, கைக்கொழந்தையா?" என்று கேட்டிருக்கிறேன். எங்கள் பேச்சில் கார் என்றால் காடி.

"அடி படறதுக்கு முன்ன போத்தி வை தம்பி. பட்ட பெறகு போத்தி என்னா பிரயோஜனம்?"

இதுதான் அவர் வாயில் எப்போதும். போத்தி வை. போத்தி வை.

அந்தக் கார் ஒரே ஒரு தடவை கவிழ்ந்தது. வாங்கிய அன்று, கோயில் வாசலில் வைத்துப் பூசை போட்டார். புது வண்டி என்றால் நாம் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம் அல்லவா? இவரும் வைத்தார். பழம் சக்கரத்தைவிடப் பெரிது. கார் பழத்தின் மேல் ஏறி, ஒரு கணம் யோசித்து, மல்லாக்க விழுந்தது. பூசாரி சூடத்தை அணைத்துவிட்டுச் சிரித்தார். இவர் மூன்று வாரம் களத்துக்கு வரவில்லை.

இன்னொரு நாள் ஸ்பீட் கன்ட்ரோலருக்கு அடிபடக் கூடாது என்று பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை வெட்டிச் சுற்றி வைத்தார். அந்தச் சாமானுக்குக் காற்று வேண்டும். சூடாகும். நாங்கள் எல்லாரும் சொன்னோம். கேட்கவில்லை. நடக்கிற வேகத்திலேயே அது புகைந்தது. ஸ்பாஞ்ச் உருகி நாற்றம் எடுத்தது.

"பாத்தியா? ஸ்பாஞ்ச் இல்லன்னா நெருப்பு வெளிய வந்திருக்கும்," என்றார். அந்த மாதிரி ஆளோடு என்ன பேசுவது?

சாமானை மட்டும் போர்த்தினால் பரவாயில்லை. மனிதர்களையும் போர்த்துவார். சீக் என்ற ஊருக்குப் போகும் வழியில் என் லாரி ஒருமுறை பள்ளத்தில் இறங்கியது. நெற்றியில் தையல். செய்தி முதலில் அவருக்குத்தான் போனது. என் மனைவி பயந்துவிடக் கூடாது என்று அவளிடம், "தம்பி ரோட்டோரமா நிறுத்தி ரெஸ்ட்டு எடுக்கறாரு, வர லேட்டாவும்," என்று சொல்லியிருக்கிறார். தலையில் கட்டோடு வீட்டுக்குப் போனேன். என் மனைவி கதவைத் திறந்ததும் கட்டைப் பார்க்கவில்லை. "நாள் பூரா தூங்கிட்டு வரியா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

அந்த வருடம்தான் அவர் நடை கொஞ்சம் மாறியது. களத்து மேட்டில் ஏறும்போது பாதியில் ஒரு கட்டையில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "ஒயர் லூசா இருக்கு, பாக்கறேன்," என்பார். சட்டைப் பையில் பலூன் சுற்றிய ஏதோ ஒன்று உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். உதிரி ஸ்க்ரூ என்று நினைத்தேன். அவர் பையில் எதுதான் பலூனில் இல்லை?

இனி பாலிங் விஷயம்.

பாலிங் என்ற ஊரிலும் ரிமோட் கார் ஓட்டும் ஒரு குழு இருந்தது. தலைவர் மணியம், அங்கே மளிகையும் தீவனமும் விற்கும் கடைக்காரர். என் லாரி அவர் கடைக்கும் சரக்கு இறக்கும். வருடத்துக்கு ஒரு தடவை அவர்களுடைய களத்தில் பந்தயம். நாங்கள் போகும்போதெல்லாம் தோற்றோம். தோற்றதைவிட அவர்கள் பேச்சுதான் எரியும். நாங்கள் வேனிலிருந்து இறங்கும்போதே மணியம் கத்துவார்: "டேய், புக்கிட் செலம்பாவ் ஆளுங்க வந்துட்டாங்க. ஒடஞ்சதப் பொறுக்கறதுக்கு ஒரு சாக்கு எடுத்துட்டு வா!"

நான் லாரியில் பாலிங் போகும் நாட்களிலும் விடமாட்டார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, "அண்ணே, தீவன மூட்டைய ஒழுங்கா ஓட்டிட்டு வந்துர்றீங்க, அந்தக் குட்டி காடியத்தான் ஓட்டத் தெரியல," என்பார்.

ஒரே ஒரு தடவை அந்த ஆள் வாயை அடைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த வருடம் புதுக் கார் வாங்கினேன். தினமும் வேலை முடிந்து வந்து ஓட்டிப் பழகினேன். வளைவுகள் கைக்கு வந்துவிட்டன.

பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு அவர் என் காரை வாங்கிக்கொண்டு போனார். "உள்வேல கொஞ்சம் சரி பண்ணித் தரேன், பாலிங் களத்துல கல்லு ஜாஸ்தி," என்றார். உள்வேலையில் அவரை நம்பலாம். கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது என் ரிசீவரைக் காணோம். ஸ்பீட் கன்ட்ரோலரையும் காணோம். அந்த இடத்தில் வெள்ளையாக இரண்டு கொழுக்கட்டை இருந்தது. ஒயர் மட்டும் வெளியே வால் மாதிரி தொங்கியது. ஒரு வாடை வேறு, கண்ணைக் கரிக்கிற மாதிரி.

"என்னாண்ணே இது?"

"பாலு தம்பி. நம்ம தோட்டத்துப் பாலு."

ரப்பர்ப் பாலில் முக்கி எடுத்திருக்கிறார். பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையோடு முக்கி, காயவைத்து, மறுபடி முக்கி. இடையில் பால் உறைந்துவிடக் கூடாது என்று அம்மோனியா கலந்திருக்கிறார். ரப்பர்ப் பால் சேர்க்கும் ஸ்டோரில் அதுதானே வழக்கம். உலகத்தில் எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வராது. வீட்டுக்குப் பின்னால் பால் வடியும் மரம் இருக்கிறவனுக்குத்தான் வரும்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அந்தக் கொழுக்கட்டையைக் கூரை உயரத்துக்கு வீசினார். சிமெண்டில் விழுந்து குதித்து, கோழிக்கூண்டு வரை உருண்டது. எடுத்து ஒயரை மாட்டினார். வேலை செய்தது.

"இப்ப மோதட்டும் பாலிங்காரன்," என்றார். முகம் பூரா சிரிப்பு. உண்மையில் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மோனியா செம்பைத் தின்னும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அது உள்ளேயே இருந்து வாரக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது. பந்தயத்தன்று பாலிங்கில் காரை இறக்கியபோது சக்கரம் தானாக ஆடியது. இடது பக்கம் திருப்பினால் யோசித்துத் திரும்பியது. வேகம் விட்டால் விக்கியது. கத்தியால் அந்த ரப்பரை ஒரு ஓரம் கிழித்துப் பார்த்தேன். செம்புக் கம்பி பச்சையாக இருந்தது. தொட்டால் மாவு.

அத்தனை பேருக்கும் முன்னால் அவரைத் திட்டினேன். "ஒங்கள யாருண்ணே முக்கச் சொன்னா? அடி படாம சாவடிச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே பாலிங்காரர்கள் நிற்கும் பக்கம் போனார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பந்தயம் ஆரம்பித்தது. என் கார் குடிகாரன் மாதிரி போனது. மணியத்தின் கார் தூரத்தில் முன்னால். சரி, இந்த வருடமும் சாக்குத்தான் என்று நினைத்தேன். அப்போது மணியத்தின் கார் திடீரென்று வேகம் குறைந்தது. கடைசி வளைவில் நேராகப் போய் லாலாங் புல்லுக்குள் நுழைந்து நின்றது.

"அலாமா, சிக்னல் போச்சு!" என்றார் மணியம்.

மற்ற இரண்டு கார்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கவிழ்ந்தன. என் கார் விக்கி விக்கிக் கோட்டைத் தாண்டியது. கப் என் கையில். எல்லாரும் கைதட்டினார்கள். கப்பைப் பிடித்தவன் எவனும் எப்படி வந்தது என்று கேட்பதில்லை. கையில் பழுது உள்ள காரை வைத்துக்கொண்டு ஜெயித்தவன் எவ்வளவு பெரிய ஓட்டுநர் என்றுதான் நான் யோசித்தேன்.

அன்றிலிருந்து பாலிங்கில் என் மரியாதையே வேறு. மணியம் கிண்டலை நிறுத்திவிட்டார். லாரி கடை முன்னால் நின்றதும் நிழலில் ஒரு நாற்காலி வரும். ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் வெந்நீர் வரும். "இதுதாண்ணே ஒங்களுக்கு நல்லது," என்பார்கள். மூட்டையில் கைவைக்க விடமாட்டார்கள். யாராவது என் பின்னால் ஹார்ன் அடித்தால் மணியம் கடையிலிருந்து ஓடிவந்து அவனைத் திட்டுவார். சாம்பியன் என்றால் இப்படித்தான் என்று காலை நீட்டி உட்கார்ந்துகொள்வேன். புதிதாக வருகிறவர்களிடம் அந்தக் கடைசி வளைவை நான் எப்படி எடுத்தேன் என்று விளக்குவேன். மணியமும் பொறுமையாகத் தலையாட்டுவார். இப்படி ஒன்றரை வருடம் ஓடியது.

ஒருநாள் கடையில் ஆள் குறைவு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நானே ஒரு மூட்டையைத் தோளில் போட்டேன். மணியம் கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே! எறக்குங்கண்ணே! ஒங்க நெஞ்சு!"

"என் நெஞ்சுக்கு என்னா?"

"என்னாண்ணே, எங்ககிட்ட மறைக்கறீங்க. அன்னிக்கே தெரியும். ஒங்க ஊரு பெரியவரு சொன்னாரு."

"என்னா சொன்னாரு?"

மணியம் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னார். பந்தயத்தன்று அவர் வந்து பாலிங்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டாராம். "தம்பிக்கு நெஞ்சு வீக்கு லா. மேடு ஏறுனா நெஞ்சு இறுக்குது. எடது கை கடுக்குது. வேர்த்துக் கொட்டுது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு டாக்டரு சொல்லிட்டாரு, போவ மாட்டேங்கறாரு. இந்த வருஷமும் தோத்தா தாங்க மாட்டாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது, நீங்களும் சொல்லிராதீங்க." நம்பாமல் பார்த்தவர்களுக்குப் பையிலிருந்து ஒரு பலூனை எடுத்துக் காட்டினாராம். "அவசரத்துக்கு நாக்குக்கு அடியில வைக்கற மாத்திர. தம்பிக்காக நாந்தான் வச்சிருக்கேன்."

"அப்ப அந்தப் புல்லு? சிக்னலு?"

மணியம் தரையைப் பார்த்தார். "ஒரு உசுருண்ணே. ஒரு கப்புக்காகவா?"

அந்த நாற்காலியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிளம்பினேன். பாலிங்கிலிருந்து புக்கிட் செலம்பாவ் வரை வழி பூரா அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். என் வாழ்நாளில் ஜெயித்தது ஒன்று. அதுவும் பிச்சை. தோற்றிருந்தால் அது என் தோல்வியாகவாவது இருந்திருக்கும். அதையும் இந்த ஆள் பஞ்சு சுற்றி என்னிடமிருந்து எடுத்துவிட்டார். ஒன்றரை வருடம் வெந்நீர் குடித்திருக்கிறேன், மடையன்.

பாதி வழியில்தான் உறைத்தது. எனக்கு இடது கை கடுத்ததே இல்லை. நான் மூட்டையோடு மாடி ஏறுகிறவன். அப்படியென்றால் இந்த ஆள் அதை எங்கிருந்து எடுத்தார்? மேட்டில் பாதியில் உட்கார்ந்து ஒயர் பார்ப்பவர் யார்?

அவர் வீட்டில் நுழைந்து அந்த பிளாஸ்டிக் சோபாவில் உட்கார்ந்தேன். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, அடுப்படியில் இருந்தார். அண்ணன் என் எதிரில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"மணியம் சொல்லிட்டானா?"

"எனக்கு நெஞ்சு நோயி குடுத்திருக்கீங்களாமே?"

"சத்தம் போடாத தம்பி. அக்கா உள்ள இருக்கு."

"அந்த மாத்திர யாருதுண்ணே?"

அவர் கை சட்டைப் பைக்குப் போனது.

"எடுங்க. வெளிய எடுங்க அத."

எடுத்தார். பலூன் வாய் இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

"தொறங்க."

"எதுக்கு இப்ப?"

"இப்ப வலி வருதுன்னு வச்சிக்குங்க. தொறங்க பாப்போம்."

முடிச்சை நகத்தால் நோண்டினார். வரவில்லை. பல்லால் கடித்தார். பலூன் கிழிந்தது. அதற்குள் இன்னொரு பலூன். அதற்குள் கறுப்பு டேப், சுற்றிச் சுற்றி. டேப்புக்குள் பஞ்சு இருப்பது தெரிந்தது. அதற்குள் எங்கேயோ கண்ணாடிப் புட்டி. அவர் டேப்பின் முனையைத் தேடினார். முனை கிடைக்கவில்லை. நெற்றியில் வேர்த்துவிட்டது.  கிழவன் ஒருவன் தன் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பிரிக்கத் தெரியாமல் நிற்கிறான்.

என்னால் பார்க்க முடியவில்லை. "அக்கா! கத்தரிக்கோலு எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"வேணா தம்பி, வேணா, சொல்லிராத," என்றார் மெதுவாக.

அக்கா வந்தார். "எதுக்குய்யா கத்தரிக்கோலு?"

"அண்ணன் நெஞ்சு வலி மாத்திரையப் போத்தி வச்சிருக்காரு. செத்த பெறகு பிரிச்சுக்கலாம்னு."

இப்படித்தான் சொன்னேன். பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அந்த வீட்டில் பக்குவமாகச் சொல்லிச் சொல்லித்தான் விஷயம் அங்கே வந்து நின்றது.

அக்கா அந்த உருண்டையை வாங்கி, நறுக்கென்று வெட்டினார். புட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள். கல்யாண நாளிலிருந்து ஆரம்பித்தார். அவர் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நெளியும்போதெல்லாம் பிளாஸ்டிக் அந்தச் சத்தத்தைப் போட்டது. அன்றைக்கு யாரும் கேட்காதது போல இருக்கவில்லை. அக்கா சோபாவையும் சேர்த்துத் திட்டினார்.

அன்றே என் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் போயிருப்பார் என்றார்கள். அடைத்துக்கொண்ட குழாய்க்குள் ஒரு சின்ன வலைக்குழாய் வைத்தார்கள். பார்க்கப் போனபோது படுத்தபடியே என் கையைப் பிடித்து இழுத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"டாக்டரும் நம்ம வழிதான் தம்பி. உள்ளுக்கே போத்திட்டாரு," என்றார்.

அடிக்கலாம் போல இருந்தது. நர்ஸ் பக்கத்தில் நின்றார்.

அவர் வீடு திரும்பியபோது சோபா பச்சை நிறத்தில் இருந்தது. அது பச்சை என்று அன்றுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவே இல்லை போலிருக்கிறது. கல்யாணப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் கப்பை எடுத்துக்கொண்டு பாலிங் போனேன். மணியத்தின் கல்லா மேசையில் வைத்தேன்.

"நெஞ்சு எனக்கில்ல, அவருக்கு. வச்சுக்க இத. மறுபடி ஓட்டுவோம். நீ மட்டும் புல்லுக்குள்ள போன, அப்பறம் பாரு."

மணியம் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளு நான் குடுத்த வெந்நீரு?" என்றார். பிறகு கடையே அதிரச் சிரித்தார்.

என் பழைய காரின் உள்சாமான் ரப்பரோடு மக்கிப் போயிருந்தது. புதிது வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். மறுநாள் அவர் பிஸ்கட் டின்னோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"இத ஓட்டு."

"அண்ணே, இது அடி படும்."

"தெரியுது." டின்னை என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். கேட் வரை போய்த் திரும்பினார். "கொஞ்சம் மெதுவா," என்றார்.

பாலிங்கில் அன்று நல்ல வெயில். வேனிலிருந்து இறங்கும்போதே நிழலில் நாற்காலி தயாராக இருந்தது. நான் பழக்கத்தில் அந்தப் பக்கம் போனேன். மணியம் என்னைத் தள்ளிவிட்டு அவரை அதில் உட்கார வைத்தார். கையில் வெந்நீர் டம்ளர்.

நான் மெதுவாக ஓட்டவில்லை. அந்தக் கார் அதற்கு முன்னால் வேகம் என்றால் என்ன என்றே பார்த்ததில்லை. முதல் சுற்றில் மணியத்தைப் பிடித்தேன். இரண்டாவதில் தாண்டினேன். ஒரே ஒரு வளைவு, அவ்வளவுதான் தாண்டியிருந்தேன். அடுத்த மேட்டில் கார் எகிறி, காற்றில் திரும்பி, ஓரத்தில் இருந்த கட்டையில் நேராகப் போய் அடித்தது. மேல்கூடு இரண்டாகப் பிளந்தது. முன்சக்கரம் ஒன்று தனியாக உருண்டு போய் மணியத்தின் செருப்பில் நின்றது. மணியத்தின் கார் கோட்டைத் தாண்டியது.

"அண்ணே!" மணியம் கத்தினார், முழுக் குரலில், பழைய குரலில். "காடி ஓட்டறீங்களா, கட்ட பொளக்கறீங்களா? டேய், எங்கடா அந்தச் சாக்கு!"

பாலிங் பூரா சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். சுத்தமாகத் தோற்றேன். யாரும் எனக்குத் தண்ணீர் கொண்டுவரவில்லை. என் நெஞ்சு நன்றாக இருந்தது.

மல்லாந்து கிடந்த காரிடம் போனேன். ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தேன். செர்வோ சொன்னதைக் கேட்டது. மீதியிருந்த முன்சக்கரம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் திரும்பியது. ரிசீவர் பஞ்சு டேப்பில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு ஒயர்கூடப் பிய்யவில்லை. அதைத் தூக்கி அவர் பக்கம் காட்டி, சக்கரத்தை ஆட்டினேன்.

அவர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்கண்ணே!" "வெயில்ல வராதீங்கண்ணே!" "ஏய், அவரப் புடி!" நாலு பக்கமும் பாலிங்காரர்கள் பாய்ந்தார்கள். ஒருவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். ஒருவன் குடை விரித்தான். ஒருவன் துண்டை வாங்கிக்கொண்டான்.

நான் உடைந்த காரோடு அவர் முன்னால் போய் நின்றேன். குடைக்கு அடியிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். முகத்தில் அவ்வளவு எரிச்சல்.

"என்னா தம்பி, என்னையப் போயி இப்படிப் போத்தி வைக்கறானுங்க?"

"குடிண்ணே," என்றேன். "ஆறிடும்."